.22 எல்ஆரா, .17 ஹெச்எம்ஆரா? ஒரு வருட ஊசலாட்டமும் ஒரு முடிவும்

போல்ட் ஆக்ஷன் ரிம்ஃபயர் ரைஃபிள் (ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும், தோட்டாவின் விளிம்பை நசுக்கி வெடிக்க வைக்கும்) வாங்கப்போகிறேன் என்று சொன்னதும் எல்லாரும் கேட்டது "எந்தக் கம்பெனி?" என்றுதான். அதெல்லாம் பிறகு. எந்தத் தோட்டா என்பதுதான் முதலில் தீர வேண்டிய வழக்கு, அதில் நான் ஏறக்குறைய ஒரு வருடம் ஊசலாடினேன். கடைசியில் .22 எல்ஆர் வாங்கினேன், இப்போது மூன்றாவது வருடம் ஓடுகிறது. ஆகவே இது நடுநிலையான அலசல் கிடையாது. சாய்வு எந்தப் பக்கம் என்பதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

களத்தில் இருந்தவை மூன்று. பெயரில் வரும் .22, .17 என்பவை காலிபர், அதாவது குண்டின் விட்டம் சுமாராக அங்குலத்தில். .22 எல்ஆர் 1887இல் ஸ்டீவன்ஸ் கம்பெனி கொண்டுவந்தது, இன்றைக்கும் அதே கூடு, அதே ஈயக் குண்டு. .22 டபிள்யூஎம்ஆர், பேச்சுவழக்கில் மேக்னம், 1959இல் வின்செஸ்டரிடமிருந்து வந்தது. நீளமான, சற்றே பருத்த கூடு, செம்பு உறை போட்ட குண்டு. அந்த மேக்னம் கூட்டின் கழுத்தை ஒடுக்கி, 4.4 மி.மீ. குண்டு ஒன்றைச் செருகி 2002இல் ஹார்னடி வெளியிட்டதுதான் .17 ஹெச்எம்ஆர். இவை தவிர .17 மாக் 2 இருக்கிறது, ஆணி அடிக்கும் கருவியின் வெடிக்கூட்டிலிருந்து பிறந்து விநாடிக்கு 900 மீட்டரைத் தாண்டும் .17 டபிள்யூஎஸ்எம்மும் இருக்கிறது. இரண்டையும் நான் சுட்டதில்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

வேகக் கணக்கு எல்லாருக்கும் தெரிந்ததுதான். .22 எல்ஆரின் வழக்கமான 40 கிரெயின் குண்டு, அதாவது 2.6 கிராம், விநாடிக்கு 325 முதல் 380 மீட்டர் வரை போகும். மேக்னம் அதே எடையை 570க்குத் தள்ளும். .17இன் குண்டு 17 கிரெயின்தான், ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேலே, ஆனால் 775 மீட்டர் வேகம். கண்ணுக்குத் தெரியும் விளைவு என்னவென்றால், .17ஐ 100 மீட்டருக்கு சீரோ செய்துவிட்டால், அதாவது அந்தத் தூரத்தில் குறிவைத்த இடத்திலேயே படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்துவிட்டால், 150இல் எட்டு செ.மீ. போல இறங்கும், அவ்வளவே; 50 மீட்டருக்கு சீரோ செய்த சப்சோனிக் (ஒலியைவிட மெதுவாகப் போகும்) .22 எல்ஆர் 100 மீட்டரிலேயே ஒரு சாணுக்கும் மேல் இறங்கிவிடும். 100 மீட்டருக்கு அப்பால் சின்ன இலக்கு, தூரம் சரியாகத் தெரியாது, ஒரே ஒரு குண்டுதான் என்றால் .17 ஜெயித்துவிட்டது, வாதம் முடிந்தது.

எனக்கு அந்த வேலை இல்லை. நான் சுடுவது காகித டார்கெட், பெரும்பாலும் 50 மீட்டர், எப்போதாவது 100. 50 மீட்டர் ரைஃபிள் போட்டிகளும், பனிச்சறுக்கோடு சுடுதலும் சேர்ந்த பயத்லானும் .22 எல்ஆரில்தான் நடக்கின்றன, 50 மீட்டர் டார்கெட்டின் பத்துப் புள்ளி வளையம் 10.4 மி.மீ.தான் அகலம். மெதுவாகப் போகிற பழைய ஈயக் குண்டால் என்ன முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

காற்றைப் பற்றி நானே தப்பாக நினைத்திருந்த ஒன்று உண்டு. வேகமான குண்டைக் காற்று குறைவாகத் தள்ளும் என்று நம்பி, ஆரம்பத்தில் ஹை வெலாசிட்டி .22 பெட்டிகளாகவே வாங்கிக்கொண்டிருந்தேன். உண்மையில் 100 மீட்டரில் சப்சோனிக்கைவிட அதைத்தான் காற்று அதிகம் தள்ளுகிறது. குண்டு எவ்வளவு நேரம் பறக்கிறது என்பதைவிட, காற்றின் தடையால் வழியில் எவ்வளவு நேரத்தை இழக்கிறது என்பதுதான் பக்கவாட்டு விலகலைத் தீர்மானிக்கிறது. ஒலியின் வேகத்தை ஒட்டி அந்தத் தடை தடாலென்று ஏறுகிறது, ஹை வெலாசிட்டி குண்டு சரியாக அங்கே போய் மாட்டிக்கொள்கிறது. 16 கி.மீ. வேகப் பக்கக் காற்றில் சப்சோனிக் ஏறக்குறைய 12 செ.மீ. நகரும், .17 பத்துக்குச் சற்றுக் குறைவாக நகரும். .17 இதிலும் மேல்தான், ஆனால் வேக வித்தியாசத்தைப் பார்த்து நாம் கற்பனை செய்கிற அளவுக்கு இல்லை.

சரி, என் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன்.

ரிம்ஃபயர் தோட்டாவை மறுபடி நிரப்ப முடியாது. சென்டர்ஃபயர் (பிரைமர் கூட்டின் அடியில் நடுவில் தனியாக இருக்கும் வகை) வைத்திருப்பவர் தன் பேரலுக்கு, அதாவது குழலுக்கு, ஒத்துவரும்வரை மருந்தைக் கூட்டிக் குறைத்து, குண்டை மாற்றி, தானே தோட்டா செய்துகொள்வார். ரிம்ஃபயரில் ஈரமான பிரைமர் கலவையை, அதாவது மருந்தைப் பற்றவைக்கும் கலவையை, கூட்டுக்குள் இட்டுச் சுழற்றி விளிம்பு மடிப்புக்குள் பரப்புகிறார்கள். அந்த விளிம்பை நசுக்கித்தான் தோட்டா வெடிக்கிறது, நசுங்கிய கூட்டுக்கு வேறு வேலை இல்லை. அதாவது தொழிற்சாலை என்ன கொடுக்கிறதோ அதுதான் உங்களுக்கு. உங்கள் பேரலுக்கு ஒரு தோட்டா பிடிக்கவில்லை என்றால் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று, வேறு தோட்டா வாங்கிப் பார்ப்பது. அப்படியானால் வாங்கிப் பார்க்க எத்தனை வகை இருக்கிறது என்பதுதானே பெரிய கேள்வி?

இங்கேதான் .22 எல்ஆர் மற்ற இரண்டையும் விட்டு வெகுதூரம் போய்விடுகிறது. பயிற்சிக்கு சிசிஐ ஸ்டாண்டர்ட், கொஞ்சம் மேலே எஸ்கே, அதற்கும் மேலே லாப்புவாவின் சென்டர் எக்ஸ், எலியின் டெனெக்ஸ் என்று படிப்படியாக ஏறிக்கொண்டே போகலாம், ஒவ்வொரு படியிலும் நாலைந்து போட்டியாளர்கள் வேறு. லாப்புவாவும் எலியும் சொந்தமாகச் சோதனைக் கூடங்களே வைத்திருக்கின்றன: ரைஃபிளைக் கொண்டுபோய் ஸ்டாண்டில் பூட்டி, லாட் லாட்டாக (லாட் என்றால் ஒரே தொகுப்பில் தயாரான தோட்டாக்கள்) சுட்டுப் பார்த்து, பிடித்த லாட்டை அப்படியே வாங்கி வரலாம். .17இல் 15.5, 17, 20 கிரெயின் என்று குண்டில் சில வகை உண்டு; போட்டிக்கென்று தரம் பிரித்து, லாட் சோதித்து விற்கிற உலகம் அதற்கு உருவாகவில்லை. மேக்னத்துக்கும் அதே கதை.

லாட் என்ன பெரிய விஷயம் என்று நானும் கேட்டவன்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தபிறகு வாயை மூடிக்கொண்டேன். சப்சோனிக் .22இல் தோட்டாவுக்குத் தோட்டா விநாடிக்கு 10 மீட்டர் வேக வித்தியாசம் வந்தால் 50 மீட்டரில் ஏழெட்டு மில்லிமீட்டர் மேல்கீழாகப் போகும், அதைக் கவனிக்காமல் கூட விட்டுவிடலாம். அதே வித்தியாசம் 100 மீட்டரில் மூன்று செ.மீ. ஆகிவிடுகிறது. நீங்கள் மூச்சைப் பிடித்து, டிரிகரைப் பஞ்சு மாதிரி அழுத்தினாலும் அந்த மூன்று செ.மீ.யை ஒன்றும் செய்ய முடியாது.

என் ரைஃபிளுக்கு ஏழு வகை தோட்டா முயன்றேன். வகை மாற்றினால் பேரலுக்குள் இருக்கும் மெழுகுப் பூச்சும் மாற வேண்டும், அதனால் முதல் பத்துப் பதினைந்து குண்டைக் கணக்கில் எடுக்காமல் விட்டு, அப்புறம் ஐந்து ஐந்தாக ஐந்து குரூப் (ஒரே குறியில் சுட்ட குண்டுகள் விழும் கொத்து; அது எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது). இது புரியாமல் முதலில் நான் செய்த சோதனை முழுக்க வீண், ஒன்றின் மெழுகில் இன்னொன்றைச் சுட்டுவிட்டு அதன்மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன். ஏழில் மூன்று 50 மீட்டரில் 25 மில்லிமீட்டருக்கு விரிந்தன. இரண்டு சுமார். எஸ்கே ஸ்டாண்டர்ட் பிளஸ் 11, 12 மில்லிமீட்டரில் வந்து உட்கார்ந்தது. அதைவிட விலை அதிகமான ஒன்று அதைவிடப் பெரிதாக விரிந்தது, அதில் எனக்கு ஒரு அற்பச் சந்தோஷம். மாறியது ஒன்றுதான்: ரைஃபிள் அதே, ஆள் அதே, மேசை அதே, தோட்டா மட்டும் மாறியதில் குரூப் பாதியாகச் சுருங்கியது. எந்தக் கம்பெனி ரைஃபிள் என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டதில் இந்த அளவு லாபம் கிடைத்திருக்காது.

நியாயமாக எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். நண்பர் ஒருவரின் .17, முதல் பெட்டியிலேயே 100 மீட்டரில் ஒரு அங்குலத்துக்குள் குரூப் போட்டது. எந்தச் சோதனையும் இல்லை, லாட் எண் எங்கே அச்சாகியிருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. காரணமும் புரிகிறது: 10 மீட்டர் வேக வித்தியாசம் .17இல் 100 மீட்டரில் மூன்று மில்லிமீட்டர்தான் ஆட்டும். வேகம் பல குறைகளை மறைத்துவிடுகிறது. ஆக, .22க்குத் தோட்டா வகை தேவைப்படுவதே அது கொஞ்சம் அடம்பிடிக்கிற ஜாதி என்பதால்தானே என்று யாராவது கேட்டால், ஆமாம், பாதி உண்மை. ஆனால் கிளப்பில் இன்னொருவரின் .17 அப்படி அமையவில்லை. கிடைத்த மூன்று வகையையும் முயன்றார், மூன்றும் சுமார், அதோடு கதை முடிந்தது, அடுத்து திறக்க அவருக்குக் கதவு இல்லை. அவர் ரைஃபிளை விற்றுவிட்டார். இரண்டு ரைஃபிளை வைத்து ஒரு காலிபருக்குத் தீர்ப்பு எழுதக் கூடாதுதான். என் மனதில் தங்கியது என்னவோ அந்த இரண்டாவது ஆளின் முகம்.

எண்ணிக்கையும் இதோடு சேர்ந்ததுதான். மூன்றில் மலிவு .22 எல்ஆர், அதனால் ஒரு மதியத்தில் நூறு நூற்றைம்பது குண்டு தயங்காமல் சுடுகிறேன். .17 வைத்திருக்கும் நண்பர் எண்ணி எண்ணிச் சுடுகிறார், 40 ஆனதும் பெட்டியை மூடிவிடுகிறார். அதே சமயம், எல்லாரும் சுடுகிற தோட்டா என்பதால் தட்டுப்பாடு வரும்போது .22தான் அலமாரியிலிருந்து முதலில் காணாமல் போகும். 2013 வாக்கில் அமெரிக்காவில் அது கிடைக்காமல் மக்கள் அலைந்தது பிரசித்தம். பிடித்த லாட் அமைந்தால் மொத்தமாக வாங்கி வையுங்கள் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பராமரிப்பு பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. .22க்கு அடிக்கடி பேரல் துடைத்தால்தான் தொல்லை, துடைத்தபின் பழைய குரூப் திரும்பி வர இருபது குண்டு கேட்கும். .17க்குச் செம்பு படியும், அதைத் துடைக்கும் ராட் ஊசி மாதிரி மெல்லியது, கொஞ்சம் அவசரப்பட்டால் வளைந்து உள்சுவரில் உரசும். நண்பரின் பழைய பெட்டி ஒன்றில் சுட்டபின் இரண்டு மூன்று கூடு கழுத்துப் பிளந்து வந்தது, அந்தப் பெட்டியின் வயதா வேறெதுவுமா என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் போதாது.

மேக்னத்தைப் பற்றி ஒன்றரைப் பெட்டி சுட்ட அனுபவம்தான். கையில் அடி கூடுதல், தூரத்தில் பலம் கூடுதல். முயலைவிடப் பெரிய பிராணிக்கு .17இன் ஒரு கிராம் குண்டு போதாது என்று நினைப்பவர்கள் இதைத்தான் எடுக்கிறார்கள், அது நியாயமாகத்தான் படுகிறது. நான் சுட்ட ரைஃபிளில் குரூப் மூன்றிலும் பெரிதாக வந்தது. இன்னொரு ரைஃபிளில் வேறு மாதிரி இருக்கலாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: .22 எல்ஆர் தோட்டா மேக்னம் சேம்பருக்குள் (தோட்டா உட்காரும் அறைக்குள்) தாராளமாக நுழைந்துவிடும், நுழைகிறதே என்று சுட்டால் கூடு பிளந்து வாயு பின்பக்கம் வரும். இரண்டையும் வைத்திருப்பவர்கள் ஒரே பையில் போட வேண்டாம்.

சத்தம் உங்களுக்கு முக்கியம் என்றால் யோசிக்கவே வேண்டாம், சப்சோனிக் .22தான். சைலன்சர் போட்டாலும் .17 காற்றைக் கிழிக்கிற சாட்டைச் சத்தம் போகாது. தெறிப்பு விஷயத்தில் .17க்கு நல்ல பெயர், அந்தச் சின்னக் குண்டு பட்ட இடத்திலேயே உடைந்து சிதறும். ஈயக் குண்டு கடினமான தரையிலும் தண்ணீரிலும் பட்டுத் துள்ளிப் போகும். .17இன் அந்த நல்ல பெயரை நம்பியும் யாரும் பின்னால் மண்மேடு இல்லாமல் சுட வேண்டாம். பல .22 பெட்டிகளில் ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று அச்சடித்தே இருக்கிறது.

முடிவெடுக்க முடியவில்லை, இரண்டும் வேண்டும் என்பவர்களுக்குப் பேரல் மாற்றும் ரைஃபிள் இருக்கிறது. சிஇசட் 457இல் பேரலையும் மேகசினையும் மாற்றி மூன்று காலிபருக்கும் போகலாம். நானும் அதை வாங்கலாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். ஆனால் ஸ்கோப் இருப்பது பேரல்மேல் அல்ல, பேரல் பொருந்தும் உடல்பகுதியான ரிசீவர்மேல். ஒவ்வொரு முறை பேரலை மாற்றும்போதும் மறுபடி சீரோ செய்ய வேண்டும், அதற்கே பத்து இருபது தோட்டா போய்விடும். எங்கள் கிளப்பில் ஒருவர் இரண்டு பேரலும் வைத்திருக்கிறார். .17 பேரல் எப்படி இருக்கிறது என்று போன மாதம் கேட்டேன். நல்லாத்தான் இருக்கும், திறந்து பார்த்து ஒரு வருடம் ஆச்சு என்றார்.