தின்னர் ஸ்டோருக்கு போன் வாங்கப்போய் 380,000 ரூபா போச்சு, கவனம்

இப்பத்தான் வந்து குந்தினன், கை இன்னும் நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கொள்ளுங்கோ. கொழும்பில சின்னதா எலக்ட்ரிக்கல் கொந்தராத்து செய்யிறன். வத்தளைப் பக்கம் பெயிண்ட் கலக்கிற ஒரு இடத்தில தின்னர் ட்ரம் அடுக்கிற ஸ்டோருக்கு ரெண்டு டெலிபோன் பூட்டித் தரச் சொன்னவை. சாதாரண போன் அங்க வைக்கேலாது, ரிசீவரைத் தூக்கேக்க உள்ளுக்க வாற சின்னப் பொறியே தின்னர் ஆவியைப் பத்த வைக்கக் காணும். வெடிப்புக்காப்பு போன்தான் வேணும்.

ஒன்லைனில தேடி, தொழிற்சாலைச் சாமான் இறக்குமதி செய்யிற ஒரு ஆளைப் பிடிச்சன். புறக்கோட்டையில மேல்மாடி ஒபிஸ். தமிழ் ஆள். பிளேன்டீ தந்து, "தம்பி, மத்தவங்கள் ரெண்டு மடங்கு கேப்பாங்கள், உங்களிட்ட அப்பிடி எடுப்பனா?" எண்டார். போனைத் தூக்கி மேசையில வைச்சார், மஞ்சள் நிறம், கல்லு மாதிரிப் பாரம், அறுகோணத்துக்குள்ள வெடிப்புக்காப்புச் சாமானுக்குப் போடுற ஈஎக்ஸ் (Ex) முத்திரை. அந்தப் பாரத்திலதான் நான் விழுந்தன். சர்டிபிகேட் வாட்ஸப்பில வந்தது, சீல் இருந்தது, நம்பரைப் பாக்கேல்ல. முழுக்காசும் முதலே குடுத்தன், 380,000 ரூபா, சீட்டெடுத்த காசு.

பூட்டி முடிய இன்சூரன்ஸ் பக்கத்தால வந்த எஞ்சினியர் மூடியைக் கழட்டச் சொன்னார். அவர் சொன்னது: இந்த வகைப் போனின்ர பெட்டி வாயு உள்ள போறதைத் தடுக்கிறதில்ல, உள்ளுக்க வெடிச்சாலும் தாங்கி, மூடி பொருந்துற ஒடுக்க இடைவெளியால நெருப்பு வெளிய வாறதுக்குள்ள ஆறிப்போகோணும், அதுக்கு அந்த முகம் வழுவழுப்பாக் கடைஞ்சிருக்கோணும். எங்கடதில திட்டுத்திட்டா பெயிண்ட், விசிட்டிங் கார்ட் சும்மா நுழையுது! கேபிள் போற இடத்தில வெடிப்புக்காப்பு இல்லாத சாதாரண பிளாஸ்டிக் கிளாண்ட் (கேபிளை இறுக்கிப் பிடிக்கிற துண்டு). பிறகு சர்டிபிகேட் நம்பரை ஐஈசிஈஎக்ஸ் (IECEx, வெடிப்புக்காப்புச் சாமானுக்குச் சர்டிபிகேட் குடுக்கிற சர்வதேச முறை) வெப்சைட்டில அடிச்சார், ஆரும் காசில்லாமல் பாக்கலாம், ரெண்டு நிமிச வேலை. அது வேற கம்பனியின்ர லைட்டுக்குக் குடுத்த நம்பர்.

வித்த ஆளைக் கேட்டா அண்டைக்கு "மாத்தித் தாறன் தம்பி." அடுத்த கிழமை "போர்ட்டில நிக்குது." பிறகு ஒரு பிள்ளை எடுத்து "சேர் மீட்டிங்." நேர போனா, "மூடியைக் கழட்டினது நீங்கள், வாரண்டி போச்சு" எண்டார். கழட்டினதாலதானேயா களவு தெரிஞ்சது! பில்லை எடுத்துப் பாத்தா "டெலிபோன் 2" எண்டு மட்டும் கிடக்கு, வெடிப்புக்காப்பு எண்ட சொல்லே இல்ல. 380,000 ரூபாக்கு ரெண்டே சொல்லு.

எப்பிடிப் பாத்து வாங்கிறது எண்டு வடிவா எழுதத்தான் வந்தனான், ஏலாமல் கிடக்கு. காசு குடுக்க முதல் நம்பரை அடிச்சுப் பாருங்கோ, மொடலும் ஒத்துப்போகோணும். சர்டிபிகேட் நம்பருக்குப் பின்னால எக்ஸ் (X) எழுத்து இருந்தா பாவிக்கிறதுக்கு விசேஷ நிபந்தனை இருக்கு, கேளுங்கோ. வெப்பநிலை வகுப்பையும் பாருங்கோ, டி6 (T6) எண்டா மேற்பரப்புச் சூடு 85 பாகை செல்சியஸ் தாண்டாது, டி4 எண்டா 135, உங்கட இடத்துக்கு எது எண்டு முதல் விசாரியுங்கோ. பில்லில முழுசா எழுத வையுங்கோ.

ரெண்டு போனும் என்ர வாசல்ல கிடக்கு. நாளைக்கு பில்லோட நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போறன். இப்பவும் ஒருக்கா அடிச்சுப் பாத்தன், ரெண்டு ரிங் போகக் கட் பண்ணிப்போட்டார்.