மாமாவுக்கு இனிப்பு, எனக்குப் புகை: ஏழு வருட விஸ்கி அனுபவம்

கிளிநொச்சியில் எங்கள் வீட்டுக்கு விஸ்கி வருவது நல்லூர்த் திருவிழாக் காலத்தில்தான். வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தங்களின் பெட்டிக்குள் ஒரு போத்தல் இருக்கும். மற்ற நாள்களில் தென்னஞ்சாராயம்.

"என்ன கொண்டுவரட்டும்?" என்று கேட்பவர்களுக்கு முதல் மூன்று வருடமும் போத்தலில் போட்டிருக்கும் வயது எண்ணை வைத்தே பதில் சொன்னேன். 12ஐ விட 15 திறம், 15ஐ விட 18 திறம். அந்த எண் சொல்வதெல்லாம், உள்ளே இருப்பதில் வயதில் இளைய விஸ்கி பீப்பாயில் எத்தனை வருடம் கிடந்தது என்பதை மட்டும்தான். எப்படி ருசிக்கும் என்று சொல்லாது.

அதை எனக்குப் புரியவைத்தது லண்டன் மச்சான் கொண்டுவந்த லகவூலின் 16 என்ற விஸ்கி. மூடியைத் திறந்ததும் மாமா முகத்தைச் சுளித்தார். "என்னடா தம்பி, புண்ணுக்குப் போடுற மருந்து மாதிரி மணக்குது!" எனக்கு வேறு ஞாபகம் வந்தது. காலபோகத்தில் யானைக்குக் காவல் இருக்கும் இரவுகளில் ஈர விறகு எரியாமல் புகைந்துகொண்டே கிடக்கும். விடிந்து பார்த்தால் சாரம், போர்வை, தலைமயிர் எல்லாம் அந்த மணம்தான். அது வருகிற ஸ்கொட்லாந்தின் ஐலா தீவில், முளைகட்டிய பார்லியைப் பீட் புகையில் காயவைப்பார்கள். பீட் என்பது சதுப்பில் செடிகொடி உக்கி இறுகிய மண். அந்தப் புகை தானியத்தில் ஏறினால் வடித்த பிறகும் போகாது. மாமா இரண்டாவது கிளாஸுக்கு வரவில்லை. போத்தல் எனக்கு நாலு மாதம் நின்றது.

அப்புறம் வயதை விட்டுவிட்டு மணத்தைக் கேட்கத் தொடங்கினேன். மாமாவின் நாக்கு சாராயத்தில் பழகியது, இனிப்பு வேண்டும். அமெரிக்க பேர்பன் விஸ்கி வாங்கிக் கொடுத்தேன். குறைந்தது 51 சதவீதம் சோளம், உள்ளே கருக்கிய புது ஓக் பீப்பாய். வனிலாவும் சீனிப்பாகும் மணக்கும். இன்றைக்கும் ஐஸ் போட்டு அதைத்தான் குடிக்கிறார்.

கிளென்பிடிக் 12 லேசானது, பேரிக்காய் வாசம். புதிதாகத் தொடங்குபவருக்குச் சரி, எனக்குச் சப்பென்று இருந்தது. ஷெரி என்ற ஸ்பானிய வைன் இருந்த பீப்பாயில் கிடந்த கிளென்ட்ரொனக் 12 வேறு சாதி. முந்திரிகை வற்றல் (உலர்ந்த திராட்சை) மணம் என்பார்கள். எனக்கு அது பனாட்டு, கடைவாயில் ஒட்டிக்கொள்கிற அதே இனிப்பு. முற்றத்தில் பலபேர் கூடினால் ஜொனி வோக்கர் பிளாக் லேபிள்: கொஞ்சம் புகை, கொஞ்சம் இனிப்பு, சண்டை வராது.

தண்ணீர் விடுவதென்றால் கடைத் தண்ணீர் விடுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்தலில் வெள்ளையாகப் படிகிறது, கிளாஸிலும் அந்த ருசி தெரியும். ஒரு தேக்கரண்டி போதும், மணம் விரியும்.

போத்தலைப் படுக்கவைக்காதீர்கள். மதுசாரம் தக்கையை அரித்துவிடும். அப்படி ஒன்று திறக்கும்போதே பாதி தக்கை உள்ளே விழுந்து, தேத்தண்ணி வடியால் வடித்துக் குடித்தோம். பங்குனி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அரைப் போத்தலாக வைத்திருந்த இன்னொன்றில் மணமே போய்விட்டது.

இந்த முறை என்ன வேண்டும் என்று மச்சான் கேட்டிருக்கிறார். ஸ்கை தீவுத் தாலிஸ்கர் சொல்லியிருக்கிறேன், புகையோடு மிளகும் கடலுப்பும் சேர்ந்து வருமாம். மாமாவுக்கு இன்னும் சொல்லவில்லை.