விண்டோஸ் 11 பென்டிரைவ்: புதுசாகப் போட சரி, ரிப்பேருக்கு?

மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலில் தயாரித்த விண்டோஸ் 11 பென்டிரைவ், தர்மபுரி நாலு ரோடு முதல் ஓசூர் வரை லேப்டாப் பார்க்கிறவர்களின் மேஜையில் சாதாரணமாகக் கிடக்கும் பொருள். 8 ஜிபி போதும், காசு கிடையாது, செக்யூர் பூட்டை (நம்பகமில்லாததைப் பூட் ஆக விடாத காவல்) அணைக்காமலே ஏறும். புதிதாக விண்டோஸ் போட இதைவிட வேறு வேண்டாம். பூட் ஆகாத மெஷினில் இருக்கும் ஃபைலை மீட்கத்தான் காலை வாரும்.

காரணம் ஸ்டோரேஜ் டிரைவர், அதாவது எஸ்எஸ்டியோடு பேச விண்டோஸுக்கு வேண்டிய மென்பொருள். இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்களில் எஸ்எஸ்டி, விஎம்டி என்ற இன்டெல் கன்ட்ரோலருக்குப் பின்னால் இருக்கிறது. அதற்கான டிரைவர் ஏறாதவரை, டிஸ்க்குகளைக் கையாளும் டிஸ்க்பார்ட் கட்டளையில் 'லிஸ்ட் டிஸ்க்' கொடுத்தால் பென்டிரைவ் மட்டும்தான் வரும். அதைப் பார்த்ததும் "எஸ்எஸ்டி போயிடுச்சுங்க" என்று சொல்லி, அரூரிலிருந்தோ பென்னாகரத்திலிருந்தோ பஸ் ஏறி வந்தவர் தலையில் புது எஸ்எஸ்டியைக் கட்டுவது அநியாயம். பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அமைப்புத் திரை) எஸ்எஸ்டியின் மாடல் பெயர் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். தெரிந்தால் குறை பெரும்பாலும் டிரைவரில்தான். ஏஎம்டி ரைசன் லேப்டாப்பில், ரெய்டு (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்க்கும் முறை) போடாதவரை, இந்தத் தொல்லை பொதுவாக வராது.

லேப்டாப் கம்பெனியின் தளத்தில் அந்த மாடலுக்கான இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை எடுங்கள்; விஎம்டிக்கான டிரைவர் இதுதான். இஎக்ஸ்இ ஃபைலை அப்படியே பென்டிரைவில் போட்டுப் பயனில்லை. பென்டிரைவில் பூட் ஆகும் விண்டோஸுக்கு வேண்டியது ஐஎன்எஃப் ஃபைல், அதாவது டிரைவரை எப்படி ஏற்றுவது என்ற குறிப்பு. வேறொரு மெஷினில் பிரித்து, ஐஏஸ்டோர்விடி என்ற ஐஎன்எஃப், எஸ்ஒய்எஸ், சிஏடி ஃபைல்கள் மூன்றையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். ஐஎன்எஃப்பை மட்டும் தனியே காப்பி செய்தால் ஏறாது.

பென்டிரைவில் பூட் செய்து ஷிஃப்ட்டும் எஃப்10-ம் அழுத்தினால் கமாண்ட் பிராம்ட் திறக்கும் (சில லேப்டாப்பில் எஃப்என் சாவியும் சேர வேண்டும்). பென்டிரைவுக்கு எந்த டிரைவ் எழுத்து (சி, டி போல) விழுந்திருக்கிறது என்று தடவ வேண்டாம். நோட்பேட் என்று டைப் செய்து, அதன் ஓப்பன் பெட்டியில் 'ஆல் ஃபைல்ஸ்' கொடுத்தால் எல்லா டிரைவும் கண்ணுக்குத் தெரியும். பிறகு கமாண்ட் பிராம்ட்டில் டிரைவரை ஏற்றும் கட்டளை: டிஆர்விலோட் (drvload, இடைவெளி இல்லாமல்), ஒரு இடைவெளி, ஐஎன்எஃப்பின் முழுப் பாதை. ஏறியதும் டிஸ்க்பார்ட்டில் 'ரீஸ்கேன்', மறுபடி 'லிஸ்ட் டிஸ்க்'. சி டிரைவ் இங்கே டி, இ என்று வேறு எழுத்தில் வரலாம். பார்க்காமல் எதையும் அழிக்காதீர்கள். ஃபைலை எடுக்க ரோபோகாப்பி என்ற காப்பி கட்டளை உள்ளேயே இருக்கிறது.

செட்டப் திரையின் 'லோட் டிரைவர்' பொத்தானும் இதே வேலையைச் செய்யும். பட்டியல் காலியாக இருந்தால் அநேகமாக வேறு தலைமுறைக்கான டிரைவரை எடுத்திருப்பீர்கள்.

டிஸ்க் தெரிந்த பிறகும் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் என்கிரிப்ஷன்) பூட்டு நிற்கலாம். ஓசூர் சிப்காட் கம்பெனி லேப்டாப் என்றால் இதை எதிர்பார்த்தே உட்காருங்கள். 48 இலக்க ரெகவரி கீ அவர்களுடைய ஐடி பிரிவிடம்தான் இருக்கும். அது இல்லாமல் எந்த டிரைவரும் உதவாது.

பயாஸில் விஎம்டியையே அணைத்துவிடுவது குறுக்கு வழி. ஏசரில் மெயின் பக்கத்தில் கன்ட்ரோலும் எஸ்-ஸும் அழுத்தினால்தான் அந்த வரியே வெளியே வரும். ஃபைல் எடுக்க மட்டும் என்றால் பரவாயில்லை. அணைத்தபடியே விட்டால், ஏற்கனவே இருந்த விண்டோஸ் 'இன்ஆக்ஸசிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத்திரை காட்டும். வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

இந்தப் பென்டிரைவின் எரிச்சலான குணம், ஏற்றிய டிரைவரை ரீஸ்டார்ட்டில் மறந்துவிடுவது. பென்டிரைவில் பூட் ஆனதும் வரும் எக்ஸ் டிரைவ் முழுக்க ரேமில்தான் ஓடுகிறது. தினமும் நாலு மெஷின் பார்க்கும் கடையென்றால், பென்டிரைவின் சோர்சஸ் ஃபோல்டரில் உள்ள பூட்.விம்மை (பூட் ஆகும் விண்டோஸ் அடங்கிய ஃபைல்) ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்து, டிஸ்ம் கட்டளையில் மவுண்ட் செய்து (ஃபோல்டர் போலத் திறந்து) டிரைவரைச் சேர்த்து, முடிந்ததும் பென்டிரைவில் திரும்பப் போட்டுவிடுங்கள். அந்த ஃபைலில் உள்ளவற்றில் இன்டெக்ஸ் 2-ஐ எடுக்க வேண்டும். செட்டப் ஓடுவது அதிலிருந்துதான். அன்மவுண்ட் செய்யும்போது 'கமிட்' சொல்லாமல் 'டிஸ்கார்ட்' கொடுத்தால் சேர்த்ததெல்லாம் போய்விடும்.