கொம்பியூட்டர் நின்றுபோனால்: கிளிநொச்சிக் கடையா, கொழும்புப் பார்சலா, பாவித்த பெட்டியா?

போன ஐப்பசியில் ஒரு பின்னேரம், இடி முழக்கத்தோடு கரண்ட் போய் வந்தது. அதற்குப் பிறகு கிளிநொச்சிப் பக்கம் விசுவமடுவில் எங்கள் வீட்டுக் கொம்பியூட்டர் எழும்பவேயில்லை. மகள் உயர்தரம் படிக்கிறாள். அவளின் குறிப்புகளும் பழைய வினாத்தாள்களும் அதற்குள்தான் கிடந்தன. "அதை விட்டிட்டு லேப்டொப் ஒண்டு எடுங்கோ" என்றார் மச்சான். "கொழும்பில சாமான் மலிவு, பஸ்ஸில போட்டுவிடச் சொல்லுங்கோ" என்றார் பக்கத்து வீட்டு அண்ணை. "பாவிச்ச கொம்பியூட்டர் பெட்டி ஒண்டு முழுசா வாங்கினா இதைவிட லாபம்" என்றார் என்னோடு படிப்பிக்கிற ஆசிரியர். எல்லா வழியையும் விசாரித்துப் பார்த்தேன்.

எந்த வழியில் போவதென்றாலும் செத்தது எது என்று முதலில் தெரிய வேண்டும். பட்டனை அழுத்தினால் ஒரு அசுமாத்தமும் இல்லையென்றால் உள்ளே கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளையில்தான் முதல் சந்தேகம். காற்றாடி சுற்றுகிறது, திரையில் படம் இல்லை என்றால் ராம் என்ற நினைவகத் தகட்டைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிறப்பரால் மெல்லத் தேய்த்துத் திரும்பப் போட்டுப் பாருங்கள். கிரவல் ஒழுங்கைத் தூசி எங்கள் வீடுகளுக்குள் வராத நாளில்லை. பாதிக் கோளாறு அந்தத் தேய்ப்பிலேயே தீரும். ஒவ்வொரு முறையும் திகதி பழைய வருடத்துக்குப் போய் நின்றால், எல்லாப் பாகமும் கொழுவும் தாய்ப்பலகையான மதர்போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 என்ற காசு வடிவ பட்டரி முடிந்துவிட்டது. அது மிக மலிவான சாமான். டிக், டிக் என்று, கோப்புகள் கிடக்கும் ஹார்ட் டிஸ்க் சத்தம் போட்டால் உடனே நிறுத்துங்கள். மேலும் ஓடவிட்டால் உள்ளிருப்பதும் போய்விடும். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் வீட்டில் திறக்காதீர்கள். வயரைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் மின் தங்கியிருக்கும்.

இனி உள்ளூர்க் கடை. நான் முதலில் கொண்டுபோன கடையில், பெட்டியை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு "போர்ட் போயிட்டுது" என்றார்கள். போர்ட் மாற்றினால் கொம்பியூட்டரின் மூளையான ப்ரொசசரும் ராமும் சேர்த்து மாற்ற வேண்டிவரும் என்று ஒரு தொகையும் சொன்னார்கள். கேட்டதும் நெஞ்சு பதறியது. இரண்டாவது கடைத் தம்பி ஒன்றும் சொல்லவில்லை. தன்னிடம் இருந்த நல்ல பவர் சப்ளை ஒன்றைக் கொழுவினான், கொம்பியூட்டர் எழும்பியது. கிளிநொச்சிக் கடையின் பெறுமதி இதில்தான் இருக்கிறது: மாற்றிப் பார்க்க அவர்களிடம் சாமான் கிடக்கிறது, பத்து நிமிடத்தில் முடிவு தெரிகிறது. கொழும்பிலிருந்து இதைப் பார்சலில் அனுப்ப முடியாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 500 வாட் என்று ஒட்டியிருக்கும் மலிவுப் பவர் சப்ளைகள் பல அந்த வலுவைத் தருவதில்லை. கையில் தூக்கிப் பாருங்கள். பஞ்சு மாதிரி இருந்தால் வேண்டாம்.

கொழும்பு என்றால் எல்லாரும் சொல்வது பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா. கடைகள் அடுக்கடுக்காக இருப்பதால் தெரிவு அதிகம், விலையும் இறங்கும். எஸ்.எஸ்.டி. (ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிஸ்க்), தரமான பவர் சப்ளை போன்ற, அநேகமாக எந்தப் பெட்டிக்கும் பொருந்துகிற சாமான்களை அங்கிருந்து எடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை. மதர்போர்டும் ராமும் அப்படியல்ல. டி.டி.ஆர். 3 என்ற பழைய வகை ராம் அடுத்த வகையான டி.டி.ஆர். 4 போர்டில் ஏறாது, போர்டில் ப்ரொசசர் இருக்கும் சொக்கட்டும் அதற்கேற்றதாக வேண்டும். மாறி வந்தால் திருப்பி அனுப்ப ஒரு பார்சல், திரும்பி வர ஒரு பார்சல், இடையில் பிள்ளைக்குப் படிப்பில்லை. வொரன்டி எழுதித் தருவார்கள்தான். அதைப் பாவிக்க ஏ9 வீதியால் ஒரு முழுநாள் போக வேண்டும். பஸ் காசையும் சம்பளமில்லாத லீவையும் சாமான் விலையோடு கூட்டினால் மலிவு எங்கே போனதென்று தெரியாது.

பாவித்த பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அலுவலகங்களில் பாவித்துக் கழித்த டெல் ஒப்டிப்ளெக்ஸ், எச்.பி., லெனோவோ பெட்டிகள் இப்போது வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் தாராளம். கட்டுறுதியானவை, விலைக்கு நல்ல வேகம். ஆனால் அவற்றில் பலவற்றின் பவர் சப்ளை சாதாரண 24 ஊசிச் செருகி உள்ளதல்ல. கம்பனி தனக்கென்று செய்த 6 அல்லது 8 ஊசி, பெட்டியின் அளவும் வேறு. இங்கே அடிக்கடி போவதே பவர் சப்ளைதான். அது போனால் பொருத்தமான ஒன்றைத் தேடி அலைய வேண்டும். ஆகவே வாங்கும்போதே மூடியைத் திறக்கச் சொல்லி அந்தச் செருகியைப் பாருங்கள். இன்னொன்று: விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய ப்ரொசசர் வேண்டும். நான்காம், ஆறாம் தலைமுறைப் பெட்டியை "புதுசு மாதிரி" என்று நீட்டினால் அதற்கேற்ற விலைதான் கொடுக்க வேண்டும்.

லேப்டொப்பின் நன்மை ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது: கரண்ட் போனாலும் ஓடும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில் இருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். பழுதானால்தான் வில்லங்கம். பல மொடல்களில் ராம் போர்டோடு ஈயம் வைத்து ஒட்டியது, கழற்றி மாற்ற முடியாது.

என் முடிவு இது. பவர் சப்ளை, ராம், டிஸ்க் என்றால் உள்ளூரில் பார்த்து, மாற்றிப் போட்டுத் திருத்துங்கள். மதர்போர்ட்தான் என்று இரண்டு கடை சொன்னால், புது போர்டுக்கு ஓடாமல் எட்டாம் தலைமுறைப் பாவித்த பெட்டி ஒன்றைத் தேடுங்கள். பழைய ராமையும் டிஸ்கையும் எறிய வேண்டாம், ஏ.ஐ. தரவு மையங்கள் அள்ளிக்கொண்டதால் 2025 கடைசியிலிருந்து ராம் விலை உலகம் முழுக்க ஏறிக் கிடக்கிறது.

எங்கள் பெட்டிக்குக் கொழும்பிலிருந்து ஒரு பாரமான பவர் சப்ளை எடுத்தேன். கொழுவியது கிளிநொச்சித் தம்பி. பழைய குறிப்புகள் எல்லாம் அப்படியே இருந்தன. இப்போது வானம் கறுத்தால் மகள் முதலில் பிளக்கைக் கழற்றுகிறாள், பிறகு ரவுட்டரிலிருந்து வரும் வயரையும். மின்னல் அதற்குள்ளாலும் வரும் என்று தம்பி சொல்லியனுப்பியிருந்தான்.