மறதியைக் கண்டறிய எந்தச் சோதனை: மோக்காவா, வீட்டாரின் பதிலா?

கோத்தகிரிப் பக்கத்துப் பாட்டிக்கு மறதி கூடுகிறது, ஆனால் சமையலும் பென்ஷன் கணக்கும் தானே பார்த்துக்கொள்கிறார் என்றால், டிமென்ஷியாவுக்கு (அன்றாட வேலைகளையே முடக்கும் மறதி நோய்க்கு) முந்தைய லேசான அறிவாற்றல் குறைபாடா என்று பார்க்க வேண்டும்.

பல இடங்களில் முதலில் வைப்பது 1975-இல் வந்த எம்.எம்.எஸ்.இ. என்ற, 30 மதிப்பெண் கொண்ட நினைவுச் சோதனை. அது மூன்றே சொற்களை நினைவில் வைக்கச் சொல்வதால், தொடக்க நிலையில் இருப்பவர் 30-க்கு 27, 28 வாங்கித் தப்பிவிடுவார். லேசான குறைபாட்டைக் கண்டறிய அது போதாது.

மோக்கா (MoCA) என்ற சோதனை இன்னும் நுட்பமானது. ஐந்து சொற்களை ஐந்து நிமிடம் கழித்துக் கேட்கும், கனசதுரம் வரையச் சொல்லும், 100-லிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்லும். 26-க்குக் குறைந்தால் சந்தேகம் என்ற கணக்கில், 2005 ஆய்வில் இக்குறைபாடு உள்ளவர்களில் 90 சதவீதம் பேரை அது பிடித்தது, எம்.எம்.எஸ்.இ பிடித்தது 18 சதவீதம்தான். ஆனால் பென்சிலே பிடிக்காமல் காலமெல்லாம் தேயிலைக் கொழுந்து பறித்த கைக்குக் கனசதுரம் வராது. 12 ஆண்டோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்குக் கூட்டித் தரும் 1 மதிப்பெண் அதை ஈடுகட்டாது. நல்ல நினைவுள்ளவரும் நோயாளி ஆகிவிடுவார். இவர்களுக்கென்றே மோக்கா-பேசிக் உண்டு. அதில் பழங்களின் பெயர் சொல்வது, பணம் எண்ணிக் கொடுப்பது போன்ற கேள்விகள் இருக்கும். அதையே கேட்டு வாங்குங்கள்.

எதை வைத்தாலும் குளிருக்குக் காதை மூடிய குல்லாவை முதலில் கழற்றச் சொல்லுங்கள். காதில் சரியாக விழாத சொல், பிறகு மறந்த சொல்லாகப் பதிவாகும். கை விறைத்திருந்தால் கோடும் நடுங்கும். வீட்டில் படுகு (படுகர் மொழி) பேசுபவரைத் தமிழில் சோதித்தால் மொழித் தடுமாற்றமும் மறதிக் கணக்கில் சேரும்.

வீட்டாரைக் கேட்கும் ஏ.டி.8 (AD8) என்ற கேள்விப் பட்டியலுக்குப் படிப்புத் தடையில்லை. கடந்த சில ஆண்டுகளில் வந்த மாற்றம் பற்றி எட்டே கேள்விகள். இரண்டுக்கோ அதற்கு மேலோ ‘ஆம்’ என்றால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். பதில் சொல்பவர் யார் என்பதில்தான் சிக்கல். கோவையிலிருந்து பொங்கலுக்கு மட்டும் வரும் மகனைவிட, தினமும் கூட இருக்கும் மருமகளின் பதிலே நம்பகமானது.

ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு மோக்கா. எஸ்டேட் பாட்டிக்கு முதலில் ஏ.டி.8, பிறகு மோக்கா-பேசிக். மதிப்பெண் மட்டும் நோயைச் சொல்லாது. மாத்திரையைத் தானே எடுக்கிறாரா, ரேஷன் வாங்கி மீதிச் சில்லறையை எண்ணுகிறாரா என்பதில்தான் லேசான குறைபாட்டுக்கும் டிமென்ஷியாவுக்குமான கோடு இருக்கிறது. வைட்டமின் பி12, தைராய்டு பரிசோதனை, மனச்சோர்வு, தூக்க மாத்திரை இவற்றைப் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது; சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் நெடுநாள் எடுப்பவருக்கு பி12 குறையலாம். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் அதே மொழியில் மறுபடி சோதிக்க வேண்டும். மோக்காவில் வேறு சொற்கள் கொண்ட மாற்றுத் தாள் உண்டு. பழைய சொற்கள் மனப்பாடமாகி மதிப்பெண் ஏறாதிருக்க அதையே கொடுக்கச் சொல்லுங்கள்.