எச்சரிக்கை: சீல் உடையாத பெட்டிக்குள் யாரோ நிரப்பிய மை. 138,000 ரூபா போய்விட்டது

பேனர், ஸ்டிக்கர் அடிக்கிற பெரிய மெஷின் வைத்திருப்பவர்கள், அதிலும் கிழக்கில் இருந்துகொண்டு கொழும்பிலிருந்து மை எடுப்பிக்கிறவர்கள், தயவுசெய்து இதை வாசியுங்கள். ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் ரூபா. மைக்கு மட்டும் 138,000. பழுதான வினைலும் மெஷின் திருத்தின செலவும் இதற்குள் இல்லை. கோபம் ஆறிய பிறகு எழுது என்று வீட்டில் சொன்னார்கள். ஆறினால் எழுத மாட்டேன், அதனால் இப்பவே எழுதுகிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. முறைப்பாடு எழுத்தில் கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை பெயர் வேண்டாம் என்று சட்டம் தெரிந்த சொந்தக்காரர் ஒருவர் தடுத்துவிட்டார். கொழும்பில் பிரிண்டர் மையும் உதிரிப்பாகமும் விற்கிற கடை, வாங்குவோரும் விற்போரும் விளம்பரம் போடுகிற ஒரு தளத்தில் நாளும் விளம்பரம் போடுகிற கடை. இவ்வளவும் போதும்.

எங்களுடையது திருகோணமலை டவுனில் ஒரு சின்ன டிஜிட்டல் பிரிண்டிங் கடை. மெஷின் ஒன்றுதான். 64 அங்குலம், எக்கோ சொல்வென்ட் என்கிற வகை மை, நாலு கலர், கலருக்கு ஒரு 440 மில்லிலீட்டர் காட்ரிஜ். சாமத்திய வீட்டு பேனர், கண்ணீர் அஞ்சலி, கோயில் திருவிழா, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, ஓட்டோ ஸ்டிக்கர், எல்லாம் அதில்தான் ஓடும். சித்திரை வருஷம் கிட்டினால் உப்புவெளி, நிலாவெளிப் பக்க ஹோட்டல்காரர்களும் வருவார்கள். சீசன் தொடங்க முதல் போர்டும் சுவரும் புதுசாக வேண்டும் அவர்களுக்கு.

இந்த முறை வந்தது நல்ல வேலை. வரவேற்பறைச் சுவர் முழுக்க ஒரு படம்: விடியற்காலை வானம், ஓரத்தில் எங்கள் கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலை, முன்னால் கடலில் திமிங்கிலத்தின் வால். ஐந்து துண்டாக அடித்து ஒட்ட வேண்டும். வானம் முழுக்க இளஞ்சிவப்பும் ஊதாவும், ஆகவே மெஜெண்டா (கருஞ்சிவப்பு மை) நிறையக் குடிக்கும். வழமையாக மை தருகிற முகவரிடம் கேட்டால் மெஜெண்டா முடிந்துவிட்டது, அடுத்த கொள்கலன் வந்தால்தான் என்றார். அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது.

மலிவுக்கு ஆசைப்பட்டிருப்பாய் என்று சொல்ல வருகிறவர்களுக்கு முதலே சொல்லிவிடுகிறேன். காட்ரிஜ் ஒன்று 34,500 ரூபா. எங்கள் முகவரின் விலையைவிட வெறும் 2,500 தான் குறைவு. அரை விலை என்று போட்டிருந்தால் யாருக்கும் சந்தேகம் வரும், அது அவர்களுக்கும் தெரியும். மெஜெண்டா இரண்டு, சயன் (நீலம்) ஒன்று, யெல்லோ ஒன்று. நாலும் சேர்த்து 138,000.

போனில் பேசியவர் நல்ல பணிவான பெடியன். எடுத்த எடுப்பிலேயே விலை பேசவில்லை, என்ன மெஷின், என்ன வகை மை, மை தெளிக்கிற ஹெட் கடைசியாக எப்போது மாற்றினது என்றெல்லாம் கேட்டார். தொழில் தெரிந்தவர்கள் கேட்கிற கேள்விகள். அப்புறம் தானாகவே வீடியோ கோல் எடுத்தார். ராக்கை முழுக்கக் காட்டினார், எங்கள் நாலு பெட்டியையும் எடுத்துத் திருப்பித் திருப்பிக் காட்டினார். மெல்லிய பிளாஸ்டிக் உறை சுற்றியிருந்தது, பளபளவென்று இருந்தது, திகதி தெரிந்தது. நான் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னதும், "அக்கா, என்ட அம்மாட ஊர் மூதூர். உங்களுக்குப் பிழையான சாமான் தந்திட்டு நான் அங்கால வரேலுமா?" என்றார்.

அந்த இடத்தில்தான் நம்பினேன். பெட்டியையோ திகதியையோ வைத்து இல்லை, மூதூர் என்ற சொல்லுக்காக. உண்மையில் அவருடைய அம்மா எந்த ஊரோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். யாழ்ப்பாணத்து ஆள் ஒருவர் பேசியிருந்தால் அம்மாவின் ஊர் சாவகச்சேரி ஆகியிருக்கும்.

காசை வங்கியில் போட்டு சிலிப்பை அனுப்பினேன். இரவு பஸ்ஸில் பார்சல் ஏற்றினார்கள், விடிய பஸ் நிலையத்தில் எடுத்தோம். சொன்ன நேரத்துக்கு வந்தது, அதிலும் குறை சொல்ல இடமில்லை. ஏமாற்றுகிறவர்கள் இவ்வளவு ஒழுங்காக இருப்பார்கள் என்று யார் நினைப்பார்?

மூன்றாவது துண்டு ஓடிக்கொண்டிருக்கும்போது மெஜெண்டா தீர்ந்தது. இந்த மெஷின் மை குறையும்போதே விளக்கைச் சிமிட்டும், அடியோடு தீர்ந்ததும் தானாக நின்று பீப் அடிக்கும். வேலைக்கு நடுவில் மை மாற்றுவது ஒன்றும் புதினமான விஷயம் இல்லை, ஆனால் சுணங்கக்கூடாது. நின்ற இடத்தில் விளிம்பு காய்ந்துபோகும், ஹீட்டர் சூட்டில் வினைல் கொஞ்சம் அசைந்துகொடுக்கும், திரும்பத் தொடங்கும்போது குறுக்கே ஒரு கோடு விழும். அதனால் புதுக் காட்ரிஜ்ஜை முதலே பிரித்து மேசையில் வைத்திருந்தோம். பழையதை இழுத்து, புதியதைத் தள்ளினோம். விளக்கு நின்றது. மெஷின் ஒரு மறுப்பும் சொல்லாமல் விட்ட இடத்தில் இருந்து ஓடியது. கோடுகூட விழவில்லை. "எடுத்திட்டுது தம்பி" என்று வட்ஸ்அப்பில் போட்டேன். "நான் சொன்னன்தானே அக்கா" என்று உடனே பதில் வந்தது.

மெஷின் ஏற்றுக்கொண்டதில் ஒன்றுமே இல்லை என்பதைப் பிறகு டெக்னீஷியன்தான் விளக்கினார். காட்ரிஜ்ஜில் இருக்கிற சிப் சொல்வதெல்லாம் என்ன கலர், என்ன வகை, எவ்வளவு மிச்சம் என்பது. அந்த மிச்சமும் அடித்த அளவை வைத்துப் போடுகிற கணக்குத்தான். காட்ரிஜ்ஜின் மைப் பைக்குள் உண்மையில் என்ன திரவம் இருக்கிறது என்று மெஷினுக்குத் தெரியாது. வெறுமையான காட்ரிஜ்ஜை வாங்கி, கண்ட மையையும் நிரப்பி, சிப்பை மாற்றிவிட்டால் அதற்கு அது புதுக் காட்ரிஜ்.

இன்னொன்றும் சொன்னார், அதுதான் என்னை இன்னும் எரிச்சலாக்குகிறது. புது மை உடனே ஹெட்டுக்கு வந்து சேராது. காட்ரிஜ்ஜில் இருந்து ஹெட் வரைக்கும் நீளமான டியூப் போகிறது, ஹெட்டுக்கு மேலே டேம்பர் என்று மை தங்கிப் போகிற ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதற்குள் நிற்கிற பழைய நல்ல மை தீரும்வரை அச்சு சுத்தமாகத்தான் வரும். மூன்றாவது துண்டு அப்படித்தான் அழகாக முடிந்தது. அதைப் படம் எடுத்து ஹோட்டல்காரருக்கும் அனுப்பிவிட்டோம்.

நாலாவது துண்டு பாதியில் வானம் வெளிறத் தொடங்கியது. இளஞ்சிவப்பு வரவேண்டிய இடம் மஞ்சளடித்தது, ஊதா நீலமானது. பிறகு மெல்லிய வெள்ளைக் கோடுகள். நிறுத்தி, ஹெட்டில் மை வருகிற சின்னத் துளைகளைச் சோதிக்கிற நொசில் செக் அடித்தால் மற்ற மூன்று கலரும் முழுசாக, மெஜெண்டாவில் பூச்சி அரித்ததுபோல இடைவெளி. கிளீனிங் போட்டோம், கூடியது. பலமான கிளீனிங் போட்டோம், இன்னும் கூடியது. ஒவ்வொரு கிளீனிங்குக்கும் நாலு கலர் நல்ல மையும் கழிவுப் போத்தலுக்குள் போகிறது, அதை வேறு பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

டெக்னீஷியன் கண்டியில் இருந்து வந்தார். டேம்பரைக் கழற்றியதும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். தண்ணிபோல ஓட வேண்டிய மை பிசுபிசுவென்று திரண்டுபோய் நின்றது. இரண்டு வகை மை ஒன்றோடொன்று சேராமல் கட்டிபட்டிருக்கிறது என்றார். பிறகு திறக்காத மற்ற மெஜெண்டாவைக் கேட்டார். பக்கத்துப் பலசரக்குக் கடைத் தராசில் அதையும் சயனையும் பெட்டியோடு வைத்தோம். ஒரே அளவு காட்ரிஜ், கிட்டத்தட்ட 60 கிராம் வித்தியாசம். எங்கள் கண்முன்னே இரண்டையும் பிரித்தார். பிளாஸ்டிக் கூட்டின் பொருத்தில் கத்தி வைத்துக் கிளப்பிய அடையாளம், உள்ளே பசை. மையிருக்கிற வெள்ளிப் பையின் வாய் ஒருமுறை திறந்து மூடப்பட்டிருந்தது. திகதி ஸ்டிக்கருக்குக் கீழே இன்னொரு திகதி ஸ்டிக்கர். வீடியோ கோலில் காட்டினாரே, அந்தத் திகதி.

எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அனுப்பினேன். இனித்தான் கூத்து.

முதலில், "உங்கட பக்கம் கடல் காத்து அக்கா, ஹெட் அப்படித்தான் அடைக்கும்." கடற்கரை ஊரில் இவ்வளவு காலமாக மெஷின் ஓட்டுகிறவளுக்குக் கடல் காற்றைப் பற்றிப் பாடம். அப்புறம், "மெஷின் பழசு போல." பிறகு, "சப்ளையரிட்டக் கேட்டுச் சொல்றம்." சப்ளையர் யார் என்று கேட்டால் பதில் இல்லை. பொஸ்ஸிடம் பேச வேண்டும் என்றேன், பொஸ் வெளியூர். அடுத்த முறை எடுத்தவர் வேறு ஆள், நான் முதலில் இருந்து முழுக்கதையும் சொல்ல வேண்டியிருந்தது, கேட்டு முடித்துவிட்டு, "சீல் உடைச்ச சாமான் திருப்பி எடுக்கமாட்டம் மிஸ்" என்றார். சீல் உடைக்காமல் மையை மெஷினுக்குள் எப்படிப் போடுவது தம்பி என்று கேட்டேன். லைன் கட்.

கடைசியில் அந்த மூதூர்ப் பெடியனே எடுத்தார். குரலில் அக்கா இல்லை. "நாங்க ஒரிஜினல் எண்டு எங்க சொன்னம்? பில்லைப் பாருங்க" என்றார். பில்லில் "மை 440 மி.லீ. x 4 = 138,000" என்று மட்டும் எழுதியிருக்கிறது. பிராண்ட் இல்லை, பாக இலக்கம் இல்லை. ஒரிஜினல் என்று அவர் சொன்னது வட்ஸ்அப் குரல் பதிவில். அதைத் தேடிப் போனால் அங்கே ஒன்றும் இல்லை. முதல் நாளே அந்த உரையாடலுக்கு மறைகிற செய்தி என்ற வசதியைப் போட்டு வைத்திருக்கிறார், ஒரு நாளில் எல்லாம் தானாக அழிந்துவிடுகிறது. அம்மாவின் ஊரும் அதோடு போய்விட்டது.

விளம்பரத் தளத்துக்கு எழுதினேன். நாங்கள் விளம்பரம் போட இடம் கொடுப்பதோடு சரி, பணம் எங்களூடாகப் போகவில்லை என்று ஒரு பதில், கீழே எங்கள் சேவையை மதிப்பிடுங்கள் என்று ஐந்து நட்சத்திரம். விளம்பரம் இன்னும் கிடக்கிறது.

ஹோட்டல்காரரைக் குறை சொல்ல மாட்டேன். சீசனுக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள், சுவர் வெறுமையாக இருக்கிறது, அவரும் எவ்வளவு பொறுப்பார்? நிறம் துண்டுக்குத் துண்டு மாறக்கூடாது என்பதால் ஐந்தையும் வேறொரு பிரஸ்ஸில் முதலில் இருந்து அடிப்பித்துக் கொடுத்தேன். அந்த வேலையில் எனக்கு ஒரு சதம் மிஞ்சவில்லை. மெஷின் கழுவி, டேம்பரும் ஹெட்டை மூடுகிற கேப்பும் மாற்றி இப்போது ஓடுகிறது, ஆனால் மெஜெண்டாவில் சில நொசில் திரும்பி வரவே இல்லை. கோடு தெரியாமல் இருக்க மெதுவாக, பாஸ் கூட்டி, அதாவது ஒரே இடத்தில் ஹெட்டைக் கூடத் தடவை ஓடவிட்டு அடிக்கிறோம்.

சரி, எச்சரிக்கை என்று தலைப்புப் போட்டாயிற்று, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். புதுக் கடையில் எடுத்த மையை நீளமான வேலைக்கு நடுவில் மாட்டாதீர்கள், சும்மா ஒரு கழிவுத் துண்டில் சில மீட்டர் ஓடவிட்டு டியூப்பில் இருக்கிற பழைய மை போன பிறகு நிறத்தைப் பாருங்கள். பெட்டியைத் தராசில் வையுங்கள். பில்லில் பிராண்டும் பாக இலக்கமும் ஒரிஜினல் என்ற சொல்லும் இல்லாமல் காசு போடாதீர்கள், குரல் பதிவை நம்பாதீர்கள். அவ்வளவுதான் இப்போது நினைவுக்கு வருகிறது. ஏற்கெனவே மாட்டுப்பட்டவர்கள் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் கொடுங்கள், 1977க்கு அழைத்தும் கேட்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். இவர்கள் சப்ளையர், பொஸ் என்று இழுத்தடிப்பதே அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

138,000 ரூபாவில் இதுவரை ஒரு ரூபா திரும்பி வரவில்லை. யெல்லோ பெட்டி மட்டும் வந்தபடியே இருக்கிறது, பிளாஸ்டிக் உறைகூடக் கிழியவில்லை. சீல்தானே உங்கள் பிரச்சினை, இதையாவது எடுத்துக்கொண்டு 34,500ஐத் தாருங்கள் என்று நேற்றுக் கேட்டேன். "தனிய எடுக்கேலாது மிஸ், நாலையும் சீலோட அனுப்புங்க" என்கிறார்கள்.