பெரிய பாம்பு வளர்ப்போர் முன்னுள்ள இரு வழிகள்: தடையா, பதிவா?

அறுவடைக்குப் பின் எலி தேடி வயலுக்கு வரும் நம் மலைப்பாம்பை வீட்டில் வளர்க்க எவருக்கும் உரிமை இல்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதை முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது. வாதம் எழுவது அயல்நாட்டுப் பாம்புகளைப் பற்றியே.

அமெரிக்கா தடையைத் தேர்ந்தது. 2012இல் பர்மிய மலைப்பாம்பு உள்ளிட்ட நான்கு இனங்களையும், 2015இல் மேலும் நான்கையும், வன உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் லேசி சட்டத்தின் கீழ்த் தீங்கு விளைவிக்கும் உயிரினங்களாக அறிவித்து, இறக்குமதியையும் மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்வதையும் தடுத்தது. அயல்நாட்டு மலைப்பாம்புகள் பெருகிவிட்ட புளோரிடாவின் சதுப்புநிலத்துக்குரிய அச்சத்தைப் பனி பொழியும் மாநிலங்களுக்கும் நீட்டுவது முறையல்ல என்று வளர்ப்போர் கொதித்தனர். அவர்களுடைய சங்கம் வழக்குத் தொடுத்தது. வட அமெரிக்கக் கண்டத்திலுள்ள மாநிலங்களுக்கிடையே கொண்டுசெல்வதைத் தடுக்க அந்தச் சட்டத்தில் இடமில்லை என்று 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தியா தேர்ந்தது பதிவை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தமும் 2024ஆம் ஆண்டின் விதிகளும், நான்காம் அட்டவணையிலுள்ள அயல்நாட்டு உயிரினங்களின் இருப்பு, பிறப்பு, இறப்பு, கைமாற்றம் ஆகியவற்றை ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் தெரிவிக்கச் சொல்கின்றன. கும்பகோணத்தில் நண்பர் ஒருவர் வளர்க்கும் பந்து மலைப்பாம்பு (ball python) என்னும் அயல்நாட்டுப் பாம்பு, ஆள் நெருங்கினால் பந்தாகச் சுருண்டு தலையை நடுவில் புதைத்துக்கொள்ளும். விற்றவர் ரசீது தராததால், பதிவு செய்யப் போனால் அதைப் பறித்துவிடுவார்களோ என்று அவர் நடுங்கினார்.

அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் பதிவே மேல் என்பேன். வெப்பமும் வாய்க்காலும் வயலெலியும் நிறைந்த டெல்டாவில், தடைக்கு அஞ்சி யாரேனும் இரவோடிரவாகக் கொள்ளிடக் கரையில் விட்டுவிடும் பெரிய பாம்பு பிழைத்துக்கொள்ளக்கூடும். பெயர் பதிந்த பாம்புக்கோ பொறுப்பேற்க ஒருவர் இருப்பார்.